வலையை விட்டுவிட்டுச் சிலந்தியை எழுதுவது

1987-ல் இரண்டு புத்தகங்கள் வந்தன. ஒன்று, பி.கே. டிகாதர் எழுதி இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனம் கல்கத்தாவிலிருந்து வெளியிட்ட இந்தியச் சிலந்திகள் கையேடு. இன்னொன்று, பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட சின்னப் புத்தகம். ஷெப்பர்ட், பாரியன், லிட்சிங்கர் மூவரும் எழுதியது. தலைப்பைத் தமிழில் சொன்னால் 'நெல் விவசாயியின் நண்பர்கள்'. இது முழுக்கச் சிலந்தி நூல் இல்லை. தீமை செய்யும் பூச்சிகளைத் தின்னும் பூச்சிகள், அவற்றைக் கொல்லும் பூஞ்சைகள், நடுவே சில சிலந்திகள், அவ்வளவுதான்.

முதலாவது ஆராய்ச்சியாளர்களுக்கு. இரண்டாவது வரப்பில் நிற்கிறவர்களுக்கு. யாரைக் கேட்டாலும் முதலாவதுதான் 'அறிவியல்' என்பார்கள். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டாவது புத்தகம் முதலாவதைத் தூக்கிச் சாப்பிட்டுவிடுகிறது என்பது என் கட்சி. அந்த ஒரு விஷயம், சிலந்தி எங்கே வாழ்கிறது என்பது.

இதைப் பொதுவாகப் பேசினால் காற்றில் போய்விடும். ஒரு சிலந்தியை வைத்தே பேசுகிறேன்.

மார்கழி காலையில் ஆரணியைச் சுற்றியுள்ள எந்த ஏரிக்கரைக்குப் போனாலும், கமண்டல நாகநதி ஓரம் போனாலும், அருகம்புல் மேல் வெள்ளையாகக் கைக்குட்டை விரித்த மாதிரி வலைகள் கிடக்கும். தரையோடு படுத்த வலை. ஒரு ஓரத்தில் மட்டும் அது உள்ளே குவிந்து, எண்ணெய் ஊற்றும் புனல் போலக் குறுகி, புல் தூரிலோ மண் வெடிப்பிலோ இறங்கும். அந்தப் புனல் வாயில்தான் ஆள் உட்கார்ந்திருக்கும். விரிப்பில் ஒரு வெட்டுக்கிளிக் குஞ்சு விழுந்தால் ஒரே ஓட்டம், ஒரே கடி, இழுத்துக்கொண்டு உள்ளே. பசை கிடையாது. வட்ட வலையில் ஒட்டுகிற மாதிரி இதில் எதுவும் ஒட்டாது. விழுந்தது சுதாரித்து எழுந்து ஓடுவதற்குள் இது வந்துவிடுகிறது. அந்த வேகத்தை நம்பித்தான் பிழைப்பு.

பேரினப் பெயர் ஹிப்பாசா. ஓநாய்ச் சிலந்திக் குடும்பம். இங்கேதான் வேடிக்கை. ஓநாய்ச் சிலந்திகளில் பெரும்பாலானவை வலை பின்னாமல் தரையில் அலைந்து திரிந்து வேட்டையாடுபவை. ஹிப்பாசா மட்டும் வீடு கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. அமெரிக்கக் கண்டத்தில் சோசிப்பஸ், ஐரோப்பாவில் ஔலோனியா என்று வேறு சிலவும் இப்படி உண்டு. ஆனால் மொத்தக் குடும்பத்தில் இவை சிறுபான்மை. தாய் தன் முட்டைப் பையை வயிற்றின் பின்முனையில், நூல் வரும் காம்புகளில் ஒட்டித் தூக்கிக்கொண்டே இருக்கும். குஞ்சுகள் பொரித்ததும் முதுகில் ஏறிக்கொள்ளும். அது ஓநாய்ச் சிலந்திக் குடும்பத்து வழக்கம். அந்த வழக்கத்தை விடாமல், வலை பின்னுகிற வழக்கத்தையும் சேர்த்து வைத்திருக்கிறது.

ஆப்பிரிக்காவிலும் இதே பேரினம் உண்டு. அங்குள்ள ஹிப்பாசாக்களை மட்டும் அல்டர்வைரெல்ட், ஷொக்கே என்ற இரண்டு பெல்ஜியக்காரர்கள் 2005-ல் ஒட்டுமொத்தமாகத் திருப்பிப் பார்த்து எழுதினார்கள். சவானா புல்வெளிக்கும் நம்ம ஏரிக்கரைப் புல்லுக்கும் நடுவே ஒரு பெரிய கடல் இருக்கிறது. சிலந்தியின் குடும்பப் பெயர் ஒன்றுதான்.

இனி பெயர்களைப் பார்ப்போம். பிரெஞ்சுக்காரரான யூஜின் சிமோன் பர்மாவிலிருந்து வந்த ஒரு சிலந்திக்கு 1884-ல் அகெலினாய்டிஸ் என்று பெயர் வைத்தார். அகெலினா மாதிரி இருப்பது என்று பொருள். அகெலினா என்பது புனல் வலை பின்னும் வேறொரு குடும்பத்துப் பேரினம். அடுத்த வருடமே ஹிப்பாசா என்ற பேரினத்தையும் உருவாக்கினார். 1900-ல் ஆர்.ஐ. போகாக், 'பிரிட்டிஷ் இந்திய விலங்குகள்' வரிசையில் சிலந்தி, தேள்கள் பற்றிய தொகுதியை எழுதினார். அதில் ஹிப்பாசா லைகோசினா, ஹிப்பாசா பிசௌரினா என்று இரண்டு பெயர்கள் வருகின்றன. லைகோசா மாதிரி, பிசௌரா மாதிரி. ஆக மூன்று பெயர், மூன்றும் 'இது அது மாதிரி'. ஐரோப்பாவில் தெரிந்த ஒன்றை நடுவில் வைத்து, இங்கே இருப்பதை அதன் சாயலாகப் பார்க்கிற பழக்கம். பெயர் வைக்கிறவருக்கு அது வசதி, தப்பு சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பெயர்களில் இருந்து சிலந்தி இருக்கும் இடத்தைப் பற்றி ஒரு எழுத்துகூடக் கிடைக்காது.

1924-ல் கொஞ்சம் மாறுகிறது. எஃப்.எச். கிரேவ்லி ஓநாய்ச் சிலந்திகள் பற்றிய கட்டுரையில் ஒன்றுக்கு ஹிப்பாசா மதராஸ்பட்டணா என்று பெயர் வைத்தார். மதராஸ்பட்டணம்! ஊர்ப் பெயரையே தூக்கி வைத்துவிட்டார். கிரேவ்லி 1920 முதல் 1940 வரை எழும்பூர் அருங்காட்சியகத்தின் தலைவர். அருங்காட்சியகத்தின் செப்புத் திருமேனிகளுக்கு டி.என். ராமச்சந்திரனோடு சேர்ந்து 1932-ல் பட்டியல் நூல் போட்டவரும் இவரேதான். நடராஜர் சிலைகளைப் பற்றிப் படிக்கிறவர்கள் இவரைக் கலை வரலாற்று ஆள் என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். சிலந்தி ஆட்களுக்கு அந்தப் பக்கம் தெரியாது. போகட்டும்.

ஆனால் ஊர்ப் பெயர் வைப்பதும் வாழிடத்தைச் சொல்வதும் ஒன்றா? மதராஸ்பட்டணம் என்றால் கடற்கரை மணலா, அடையாற்றுக் கரையா, யாரோ துரை வீட்டுத் தோட்டப் புல்லா? பெயர் அங்கேயே நின்றுவிடுகிறது.

இப்போது டிகாதரிடம் வருவோம். 1980-ல் அவரும் மல்ஹோத்ராவும் சேர்ந்து 'இந்திய விலங்குகள்' வரிசையில் ஓநாய்ச் சிலந்திகளை எழுதினார்கள். பிறகு 1987 கையேடு. இந்த நூல்களில் ஒவ்வொரு இனத்துக்கும் ஒரே அச்சு. முன்னுடல் என்ன நிறம், எவ்வளவு நீளம், கண்கள் எப்படி வரிசைப்பட்டிருக்கின்றன, கால்களில் முள் எங்கே, வயிற்றின் மேல் என்ன புள்ளி. அப்புறம் இனப்பெருக்க உறுப்பின் படம். அப்புறம் மாதிரி எந்தப் பாட்டிலில் இருக்கிறது, யார் பிடித்தது, எப்போது. கடைசியில் பரவல்: இந்தியா, இன்னின்ன மாநிலம். முற்றுப்புள்ளி.

இதை நான் கிண்டல் செய்யவில்லை. ஹிப்பாசாவில் ஒரு இனத்தையும் இன்னொரு இனத்தையும் உறுதியாகப் பிரிக்க வேண்டுமென்றால் அந்த உறுப்பின் படம்தான் கதி. நிறத்தை நம்ப முடியாது. சாராயத்தில் போட்டால் நிறம் போய்விடும், உயிரோடு இருக்கும்போதே வயசுக்குத் தகுந்தபடி மாறும். டிகாதர் இல்லாவிட்டால் நம் நாட்டில் இந்த வேலைக்கு அடித்தளமே இல்லை. இன்றைக்கு அவர் வைத்த பெயர்களை மாற்றுகிறவர்கள்கூட அவர் போட்ட படத்தின் மேல் நின்றுதான் மாற்றுகிறார்கள். கையேட்டின் முன்பகுதியில் சிலந்திகளின் வாழ்க்கை பற்றிய பொதுச் செய்திகளும் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும்.

என் குறை வேறு. வலை பின்னுகிற சிலந்திக்கு அந்த வலை உடம்பின் ஒரு பாகம் மாதிரி. அதன் காது அது, அதன் வாசல் அது, அதன் உண்டியலும் அது. கால் முள்ளுக்கு ஒரு பத்தி கொடுத்துவிட்டு வலைக்கு ஒரு வரிகூடக் கொடுக்காவிட்டால், பாதிச் சிலந்தியை எழுதாமல் விட்டதாகத்தான் அர்த்தம். நான் பிழைக்கிற தொழிலில் இதை அடிக்கடி பார்க்கிறேன். படிவத்தில் 'பிற விவரங்கள்' என்று ஒரு கட்டம் போட்டு, அதைக் கட்டாயம் இல்லை என்று வைத்துவிட்டால், பத்தாயிரம் பேர் நிரப்பினாலும் அந்தக் கட்டம் காலியாகவே இருக்கும். வாழிடம் என்பது நம் சிலந்தி நூல்களில் அந்தக் கட்டம். நிரப்பினால் 'புல்வெளி' அல்லது 'தரை'. தரையில் வாழும் சிலந்தி தரையில் கிடைத்தது என்று எழுதி யாருக்கு என்ன பிரயோஜனம்?

எந்தத் தரை என்பதில்தான் விஷயமே இருக்கிறது. விரிப்பைத் தாங்க மேலே கொஞ்சம் புல் நுனி வேண்டும். ரொம்ப உயரமாக வளர்ந்தால் விரிப்பு தட்டையாக நிற்காது, ஒட்ட வெட்டினால் கட்ட இடமில்லை. ஆடு மேய்ந்து விட்ட அருகம்புல் சரியான உயரம். கீழே இறங்க ஒரு பொந்தோ வெடிப்போ தூரோ வேண்டும். களிமண் கரையில் கோடையில் வெடிப்பு விடும், மணல் கரையில் விடாது. மழை கொட்டினால் விரிப்பு போச்சு, மறுபடி நூற்க வேண்டும், நூல் சும்மா வராது, தின்றதிலிருந்துதான் வரும். ஏரிக்கரையின் மேற்புறம், உட்சரிவு, வெளிச்சரிவு மூன்றிலும் புல் ஒரே மாதிரி வளர்வதில்லை. இதையெல்லாம் 'தமிழ்நாடு' என்ற ஒரே சொல்லில் அடக்கினால் எப்படி?

ஆரணிக்காரனுக்கு ஒரு சொந்தக் கடுப்பும் உண்டு. ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு வாங்கியிருக்கிறோம். ஒரு சேலை இந்த ஊர்ச் சேலை என்று நிரூபிக்க, எந்த இடம், எந்தத் தறி, எப்படி நெய்வது என்று காகிதம் காகிதமாக எழுதிக் கொடுக்க வேண்டும். நூலை நூற்று விரித்து அதன்மேல் உட்கார்ந்தே வாழும் ஒரு ஜீவனுக்கு மாநிலத்தின் பெயரோடு விட்டுவிடுகிறோம்.

பட்டு என்றதும் ஒரு சின்ன விலகல். 'சிலந்திப் பட்டு இரும்பை விட உறுதி' என்று வாரத்துக்கு ஒரு வாட்ஸ்அப் பார்வர்டு வருகிறது. எந்தச் சிலந்தி, எந்த நூல் என்று ஒருத்தரும் கேட்பதில்லை. பட்டுப்புழுவுக்கு ஒரு ஜோடி சுரப்பி, ஒரே வகை நூல். சிலந்திக்கு அப்படி இல்லை. தொங்குவதற்கு ஒன்று, முட்டையைச் சுற்ற ஒன்று, இரையைக் கட்ட ஒன்று என்று பல சுரப்பிகள். இரும்போடு ஒப்பிடப்படுவது பெரும்பாலும் வட்ட வலைச் சிலந்திகள் தொங்கும் நூல், அதுவும் எடைக்கு எடை வைத்துப் பார்த்தால். சைமன் பீர்ஸும் நிக்கோலஸ் காட்லியும் மடகாஸ்கரில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட தங்க வலைச் சிலந்திகளிடமிருந்து அந்த நூலை இழுத்துத்தான் ஒரு துணி நெய்து 2009-ல் காட்சிக்கு வைத்தார்கள். பாவையும் ஊடையையும் ஒன்று என்று சொன்னால் எங்கள் ஊரில் தறிக்காரர் சிரிப்பார். ஹிப்பாசா விரிப்பையும் தங்க வலைச் சிலந்தி தொங்கும் நூலையும் 'சிலந்திப் பட்டு' என்று ஒரே மூட்டையில் கட்டுவதும் அதே ரகம்தான்.

சரி, வலையையும் இடத்தையும் சேர்த்து எழுத முடியுமா என்று கேட்டால், முடியும் என்பதற்கு உதாரணம் இருக்கிறது, அதுவும் பழசு. 1905-ல் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் வெளியீட்டில் என்.எஸ். ஜம்புநாதன் என்பவர் ஒரு கட்டுரை எழுதினார். நம்ம பக்கத்துப் பெயர். கூட்டமாக வாழும் ஸ்டெகோடைஃபஸ் சரசினோரம் என்ற சிலந்தியின் பழக்கங்களும் வாழ்க்கை வரலாறும் பற்றியது. வேலி முள்ளில் பஞ்சு மூட்டை மாதிரி அழுக்காகத் தொங்குமே, அந்தக் கூடு கட்டும் சிலந்தி. தலைப்பிலேயே பழக்கம் முன்னால் நிற்கிறது. அகராதி போடுகிற அவசரம் இல்லாமல், ஒரு பிராணி என்ன செய்கிறது என்று பார்த்து எழுதுகிற மரபு நம்மிடம் நூறு வருடத்துக்கு முன்பே தொடங்கியிருந்தது. ஏன் அது பக்கத்துச் சந்தில் ஒதுங்கிவிட்டது என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

ஆப்பிரிக்காவில் ஒரு நல்ல உதாரணம் உண்டு. கபோன் நாட்டு மழைக்காட்டில் அகெலினா கன்சோசியாட்டா என்ற சிலந்தி. இதுவும் விரிப்பு வலை பின்னுவதுதான், ஆனால் பெரிய கூட்டுக் குடும்பம். ஒரே விரிப்பை எல்லாரும் பகிர்ந்துகொள்கிறார்கள். பிரெஞ்சுக்காரரான க்ராஃப்ட் முதலில் இதன் நடத்தையைப் பார்த்தார். பிறகு 1980-களில் அமெரிக்காவிலிருந்து சூசன் ரீக்கெர்ட் போய், இவை ஏன் சேர்ந்து வாழ்கின்றன என்று கேட்டார். பதிலில் மழை வருகிறது. அந்தக் காட்டில் அடிக்கடி அடைமழை. விரிப்பு கிழிந்துகொண்டே இருக்கும். தனியாக இருந்தால் திரும்பத் திரும்ப நூற்றே ஓய்ந்துபோகும், கூட்டமாக இருந்தால் அந்தச் செலவு பங்காகிறது. பாருங்கள், வாழிடம் என்ற கட்டத்தை ஒழுங்காக நிரப்பினதால் 'ஏன் கூட்டுக் குடும்பம்' என்ற கேள்விக்கே பதில் கிடைத்துவிட்டது. பாட்டிலில் கிடக்கும் சிலந்தி மேல் மழை பெய்யாது.

இப்போது அந்த நெல் புத்தகம். அதில் குட்டைச் சிலந்தி என்று ஒன்று வருகிறது. விரிப்பு வலைக்காரர்களான லினிஃபிடே குடும்பம். உருவம் மிகச் சின்னது, பெரிய சிலந்தியின் குஞ்சு என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். 1977-ல் ஓய் என்ற ஜப்பானியர் தைவான் சிலந்தியாக விவரித்தபோது இதைக் காலிட்ரிக்கியா பேரினத்தில் வைத்தார். அது லூயி ஃபாஜ் 1936-ல் ஆப்பிரிக்கச் சிலந்திகளுக்காக உருவாக்கிய பேரினம். நெல் நூல்களில் அடிபீனா ஃபார்மோசானா என்றும் எழுதுவார்கள், இரண்டு பெயரையும் சேர்த்தே போடுவதும் உண்டு. பெயர்ச் சண்டை நடக்கட்டும். புத்தகம் அதில் நேரம் கடத்தவில்லை. நெல் தூரின் அடியில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே இருக்கும், தத்துப்பூச்சிக் குஞ்சுகளைப் பிடிக்கும் என்று சொல்கிறது.

தண்ணீருக்குச் சற்று மேலே, தூரின் அடியில். இந்த ஒரு விவரத்தின் மதிப்பு, புகையான் அடித்த வயலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். புகையான் உட்காருவதும் அதே இடம்தான். இலைமேல் தேடினால் கிடைக்காது, தூரை விலக்கிப் பார்க்க வேண்டும். ஆக, இரையும் வேட்டைக்காரனும் ஒரே மாடியில் குடியிருக்கிறார்கள். கண்ட மருந்தை அடித்தால் முதலில் காலியாவது சிலந்தி. பிறகு புகையான் முன்பை விட அதிகமாகத் திரும்பி வரும். 1970-களில் ஆசிய நெல் வயல்களில் இது நடந்து, அதிலிருந்து கற்ற பாடத்தில்தான் இந்த மாதிரிப் புத்தகங்களே பிறந்தன. ஆரணி அரிசிக்கும் பேர் போன ஊர். இங்கே பட்டுக்குச் சிலந்தி உதவாது, நெல்லுக்கு உதவும்.

அந்தப் புத்தகத்துக்கும் எல்லை உண்டு. வயல் வரம்போடு அது நின்றுவிடும். வரப்பில் இருக்கிற ஹிப்பாசா அதன் கதை இல்லை. இனத்தைச் சரியாகப் பிரிக்க அதை வைத்துக்கொண்டு முடியாது, அதற்கு டிகாதரிடம்தான் போக வேண்டும். ஆனால் 'எங்கே' என்ற கேள்விக்கு, படிக்கிறவர் குனிந்து பார்த்துச் சரிபார்க்கக்கூடிய பதிலைச் சொல்கிறது. அது எளிமைப்படுத்தல் இல்லை, துல்லியம். அறிவியல் நூல் 'தமிழ்நாடு' என்கிறது, விவசாயப் புத்தகம் 'தண்ணீருக்கு மேல் தூரில்' என்கிறது. எது துல்லியம் என்று நீங்களே சொல்லுங்கள்.

இப்போதுதான் இணையத்தில் எல்லாம் இருக்கிறதே என்பீர்கள். ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் பனி பூத்த ஹிப்பாசா வலைகள் அழகழகாக இருக்கின்றன. நல்ல காரியம், இடமும் தேதியும் தானாகவே பதிவாகிறது. ஆனால் மேலிருந்து எடுத்த படத்தில் இனம் தெரியாது, பேரினத்தோடு நின்றுவிடும். அதை விடப் பெரிய கோணல் ஒன்று உண்டு. பனி இருக்கும்போதுதான் விரிப்பு கண்ணில் படுகிறது. மார்கழியில் காலை ஆறரைக்குக் கரை முழுக்க வலை, ஒன்பது மணி வெயிலில் ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும். வலை எங்கும் போகவில்லை, பனிதான் போயிருக்கிறது. அதனால் படங்களை எண்ணி 'இந்தச் சிலந்தி குளிர்காலத்தில் அதிகம்' என்று யாராவது வரைபடம் போட்டால், அவர்கள் எண்ணியது சிலந்தியை இல்லை, பனியை. சித்திரையில் எண்ண வேண்டுமென்றால் கொஞ்சம் மாவோ தண்ணீர்த் தெளிப்போ வேண்டும். யாரும் அதற்கு உட்கார்வதில்லை.

இதில் என்ன குடி முழுகிப் போகிறது என்று கேட்கலாம். புல் தரை என்பது நம் அரசாங்கக் காகிதத்திலும் காலிக் கட்டம்தான். வருவாய்ப் பதிவேட்டில் ஏரிப் புறம்போக்கு, மேய்ச்சல் புறம்போக்கு. மத்திய அரசு வெளியிடும் வேஸ்ட்லாண்ட் அட்லஸில் புதர் நிலமும் சீரழிந்த மேய்ச்சல் நிலமும் 'பாழ் நிலம்' என்ற தலைப்பின் கீழ் வருகின்றன. பாழ் என்று எழுதியாகிவிட்டது, அப்புறம் அங்கே மனைக்கல் நடலாம், கரையைச் சுரண்டி சிமெண்ட் போடலாம், களைக்கொல்லி அடிக்கலாம். காட்டை வெட்டினால் கேள்வி கேட்க யானை, புலி என்று பட்டியல் இருக்கிறது. அருகம்புல் கரையை வழித்தால் என்ன போகிறது என்று கேட்டால், கொடுப்பதற்கு நம் கையில் இருப்பது கால் முள்ளின் அளவும் மாநிலத்தின் பெயரும்தான். நடக்காமலே போன ஒரு பதிவுக்கு இதுதான் விலை, அதைத்தான் நம் நூல்களின் மேல் குற்றமாக வைக்கிறேன்.

ஆராய்ச்சி நூல்கள் அச்சை மாற்றட்டும், அது அவர்கள் பாடு. இடையில் நாம் செய்யக்கூடியது கொஞ்சம் இருக்கிறது. அடுத்த மார்கழியில் வலையைப் படம் எடுக்கிறவர்கள் கூடவே சில விஷயங்களைக் குறித்து வையுங்கள். விரிப்பு தரையிலிருந்து எத்தனை விரல் உயரத்தில், புனல் எதில் இறங்குகிறது, வெடிப்பிலா தூரிலா கல் சந்திலா. என்ன புல், மேய்ந்ததா மேயாததா. கரை என்றால் எந்தச் சரிவு. புனல் வாயில் ஆள் தெரிந்தால் கண் வரிசை தெரிகிற மாதிரி முகத்துக்கு நேராக ஒரு படம். முன்வரிசையில் நாலு சின்னக் கண், அதற்கு மேல் இரண்டு பெரிய கண், பின்னால் இரண்டு என்று இருந்தால் ஓநாய்ச் சிலந்திக் குடும்பம். அப்படி இல்லையென்றால் நீங்கள் பார்ப்பது நிஜமான அகெலினா குடும்பத்து ஆளாக இருக்கலாம், இரண்டும் ஒரே மாதிரி வலை போடும். அதே இடத்துக்குச் சித்திரையில் ஒரு தரம் போய், விரிப்பு இன்னும் இருக்கிறதா என்று புல் மட்டத்துக்குக் குனிந்து, வெயிலுக்கு எதிர்ப்பக்கமாகப் பாருங்கள்.